ஒன்றரை மணி நேரப் பனி பாக்கி

உமிசாகி ஊரின் நான்காம் வட்டத்துக்கு வருடத்துக்கு ஒரு பனிப்பொழிவுதான் ஒதுக்கீடு. வட்டத்தில் பத்து வீடுகள். ஜனவரி முதல் வியாழக்கிழமை, ஊர் அலுவலகத்துக்காரர்கள் பனியை நீலத் துணியில் மடித்துக் கட்டி முதல் வீட்டில் கொடுப்பார்கள். கூடவே சுற்றறிக்கை அட்டையும் வரும். வீட்டுக்கு ஒரு நாள். காலை ஆறு மணிக்கு மூட்டையை அவிழ்த்தால் அந்த வீட்டு வாசலில் மட்டும் பெய்யும். மாலை ஆறு மணிக்குத் தானாக மடிந்து துணிக்குள் வந்துவிடும். அட்டையில் தன் பெயருக்கு நேரே முத்திரை குத்தி, மூட்டையைப் பக்கத்து வீட்டில் கையோடு கையாகக் கொடுக்க வேண்டும். வெதுவெதுப்பான கடற்கரை ஊர். எல்லா வாசலிலும் ஒரே நாளில் பெய்ய வைப்பதென்றால் கட்டுப்படியாகாது.

இந்த வருடம் ஏழாம் வீட்டுக்கு நேரே ஒரு புதுப் பெயர். எர்லிண்டா. பிலிப்பைன்ஸ்காரி, ஜப்பானுக்கு வந்து பத்தொன்பது வருடம். வாடகைக்கு இருப்பவர்களுக்குப் பனி கிடையாது என்பதால் இத்தனை காலமும் அவள் வாசலில் மழைதான் பெய்தது. போன வசந்தத்தில்தான் கூரை ஓட்டையோடு அந்த ஏழாம் வீட்டை வாங்கினாள். விலை பேசும் வழக்கமே இல்லாத நாட்டில் விலை பேசி வாங்கினாள். வீட்டுக்காரர் ஒரு தொகை சொன்னபோது அவள் அண்ணாந்து கூரையைப் பார்த்தாள். வானம் தெரிந்தது. "வானத்துக்கும் சேர்த்தா சொல்றீங்க?" என்று கேட்டாள். அவர் ஐந்து நாள் யோசித்து, வானத்தைக் கழித்துக்கொண்டு பத்திரம் எழுதிக் கொடுத்தார்.

பிழைப்பும் பேரம்தான். ஜப்பான்காரர்கள் வேண்டாமென்று கழிக்கிற குளிர்பெட்டி, நாற்காலி, சைக்கிள், பூ ஜாடி எல்லாவற்றையும் சின்ன லாரியில் ஊர் ஊராகப் போய்ச் சேகரித்து, கண்டெய்னரில் அடுக்கி மணிலாவுக்கு அனுப்புவாள். அங்கே ஜப்பான் சாமான் என்றால் முண்டியடித்து வாங்குவார்கள். தொழிலை யாரும் சொல்லித் தரவில்லை. முதல் கண்டெய்னரில் ஏமாந்தாள். இரண்டாவதிலும் ஏமாந்தாள். மூன்றாவதில், ஏமாற்றியவனின் லாரியையே வாங்கிவிட்டாள். இப்போது ஓட்டுவது அந்த லாரிதான்.

லாரியிலும் ரயிலிலும் அந்த நாட்டை அவள் குறுக்கும் நெடுக்குமாகப் பார்த்தாயிற்று. ரயில் இரண்டு நிமிடம் தாமதமானால் மன்னிப்புச் சீட்டு கொடுப்பார்கள். பத்தொன்பது வருடத்தில் பதினான்கு சீட்டு சேர்ந்திருந்தது. மொத்தம் இருபத்தெட்டு நிமிடம். ஏதாவது அவசரத்துக்கு ஆகும் என்று ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தாள்.

வடக்கே போனால் பனி ஆள் உயரத்துக்குக் கிடக்கும். அவளும் பல தடவை பார்த்திருக்கிறாள். ஆனால் அது அடுத்தவர் வாசல் பனி. ஓரமாக நின்று பார்க்கலாம், உரிமையோடு மிதிக்க முடியாது. பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் மணிலா விமான நிலையத்தில் அக்கா டோலோரெஸிடம் அவள் சொல்லிவிட்டு வந்தது இதைத்தான்: "என் வீட்டு வாசல்ல பனி விழும், ஆத்தே. விழுற அன்னைக்கு உன்னைக் கூப்பிடுறேன்." அக்காவை அவர்கள் ஊரில் ஆத்தே என்பார்கள்.

டோலோரெஸ் மணிலாவை ஒட்டிய நவோட்டாஸ் மீன் சந்தையில் கடை போட்டிருப்பவள். வார்த்தையை வார்த்தையாகவே எடுத்துக்கொள்வாள். விமான நிலையத்திலிருந்து திரும்புகிற வழியிலேயே பழைய துணிக் கடையில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினாள். பழுப்பு நிறம், முழங்காலுக்குக் கீழே வரும், ஆறு பெரிய பொத்தான். அந்தக் கோட்டை இன்றுவரை உடம்பில் போட்டதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைத்து, பாச்சை உருண்டை மாற்றி, மறுபடி பெட்டியில் வைத்தாள்.

எர்லிண்டா வீடு வாங்கியதும் டோலோரெஸ் மலிவு டிக்கெட் எடுத்தாள். சனிக்கிழமை நண்பகல் வந்து செவ்வாய் காலை திரும்ப வேண்டும். தேதி மாற்ற முடியாத டிக்கெட். அட்டை அதற்குப் பிறகுதான் வந்தது. ஏழாம் வீட்டுக்குப் பனி, புதன்கிழமை.

எர்லிண்டாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அவளுக்குக் கோபம் வந்தால் கால்கள் முன்னால் போய்விடும், வாய் பின்னால் போய்ச் சேரும். எட்டாம் வீட்டுக் கதவைத் தட்டினாள். ஹொரியுச்சி சான் திறந்தார். பெயரோடு சேரும் சான் அங்கே மரியாதைக்கு. அவர்தான் வட்டத் தலைவி. அறுபது வயது, மடிப்புக் கலையாத ஏப்ரன்.

"என் நாளைச் சனிக்கிழமைக்கு மாத்திக் கொடுங்க."

ஹொரியுச்சி சான் தலையை ஒரு பக்கம் சாய்த்தார். பல்லிடுக்கில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தார். "கொஞ்சம் கஷ்டம்தான்," என்றார்.

நவோட்டாஸ் சந்தையில் ஒருத்தி இப்படிச் சொன்னால் பேரம் அங்கேதான் ஆரம்பம். ஜப்பானில் அப்படியில்லை. கொஞ்சம் கஷ்டம் என்றால் கதவைச் சாத்தி, தாழ் போட்டு, சாவியைக் கடலில் எறிந்தாயிற்று. இதைக் கற்றுக்கொள்ள எர்லிண்டாவுக்கு ஏழு வருடமும் இரண்டு கண்டெய்னர்களும் ஆகியிருந்தன. 

நேரே பத்தாம் வீட்டுக்குப் போனாள். சனிக்கிழமைப் பனி அந்த வீட்டுக்குத்தான். முடிவெட்டும் நகாசே சான் வாசலில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"சனிக்கிழமையை எனக்கு விடுங்க. ரெண்டு குளிர்பெட்டி தர்றேன். ஒண்ணுல சத்தமே வராது."

"பனியைப் பார்த்தபடி முடிவெட்டிக்கொள்ள இலையுதிர் காலத்திலேயே ஒன்பது பேர் பெயர் கொடுத்துவிட்டார்கள், எர்லிண்டா சான்." அவரும் காற்றை உள்ளே இழுத்தார். "கொஞ்சம் கஷ்டம்."

வீட்டுக்கு வந்து, கொல்லையில் அடுக்கியிருந்த குளிர்பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, உள்ளே தலையை விட்டுத் திட்டிவிட்டு மூடினாள். தெருவில் சத்தம் போடக் கூடாது என்பது வட்டத்தின் விதி. அவள் விதியை மீறுகிறவள் இல்லை.

ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்கு டோலோரெஸ் போன் செய்தாள்.

"பனி ரெடியா?"

"ரெடி, ஆத்தே."

"முழு நாள்தானே? அரையும் குறையுமா எடுத்து வச்சுக்கிட்டு என்னைக் கூப்பிடாதே."

"முழு நாள்."

"கோட்டை வெயில்ல போட்டிருந்தேன். பாச்சை உருண்டை வாசனை போகவே மாட்டேங்குது. பனி வாசனையில போயிடும், இல்லே?"

"போயிடும்," என்றாள் எர்லிண்டா.

புதன்கிழமை வந்தது. ஆறாம் வீட்டுக்காரர் மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போனார். எர்லிண்டா அவிழ்த்து வாசலில் வைத்துவிட்டு, திரைச்சீலையை இழுத்துவிட்டு, ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டவளை விட்டுவிட்டுத் தான் முதலில் பார்ப்பது சரியில்லை. பன்னிரண்டு மணி நேரம் அப்படியே இருந்தாள். கழுத்து வலித்தது.

ஆறு மணிக்கு மூட்டையைக் கையில் எடுத்தபோது அவளுக்கு வேறொரு சங்கடம். வந்ததை வந்தபடியே அடுத்த வீட்டில் நீட்டுவதா? அவள் வளர்ந்த தெருவில் குழம்புக் கிண்ணம் வந்தால்கூட ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். சமையலறையில் பார்த்தாள். அக்காவுக்காக வாங்கி வைத்தவை தவிர எதுவும் இல்லை. அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. அதில் நவோட்டாஸ் உச்சிவெயில் கொஞ்சம் வைத்திருந்தாள். டிசம்பர்தோறும் டோலோரெஸ் கருவாடு அனுப்புவாள். கருவாட்டை எடுத்த பிறகும், அது காய்ந்த வெயில் பொட்டலத்தின் அடியில் தங்கியிருக்கும். அதைத் தட்டி டின்னில் போட்டுவைப்பாள். பிப்ரவரியில் விரல் விறைத்தால் மூடியை லேசாகத் திறந்து கையைக் காட்டிக்கொள்வாள். இருந்ததை எல்லாம் மூட்டையில் கொட்டி முடிந்து, ஹொரியுச்சி சான் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஹொரியுச்சி சான் அவள் வாசலில் நின்றார். இரண்டு கையிலும் ஏந்திய அரக்குப் பெட்டி. குனிந்து வணங்கினார்.

"நேற்று நண்பகலிலிருந்து மாலைவரை எங்கள் வீட்டில் உங்கள் ஊர் வெயில் அடித்தது. போர்வை எல்லாம் காய்ந்தன. என் முழங்கால்கூட நன்றாக மடங்கியது."

"இருந்ததைத்தான் போட்டேன்."

"அந்த ஆறு மணி நேரப் பனி பெய்ய வழியில்லாமல் மிஞ்சிவிட்டது. என் நாளில் சரிபாதி, வழக்கப்படி. தயவுசெய்து வாங்கிக்கொள்ளுங்கள்."

அந்த நாட்டில் ஒரு பொருளைப் பரிசாக வாங்கிக்கொண்டால் அதில் பாதி மதிப்புக்குத் திருப்பிச் செய்தாக வேண்டும். கல்யாணத்துக்கும் அப்படித்தான், சாவுக்கும் அப்படித்தான். எர்லிண்டா பெட்டியை வாங்கிக்கொண்டாள். கதவைச் சாத்தியதும் அவள் மூளை கடை திறந்தது. மூட்டை இப்போது ஒன்பதாம் வீட்டில் இருக்கிறது. துணியில் பாதி வெயிலாவது ஒட்டியிருக்கும். அப்படியென்றால் அங்கே மூன்று மணி நேரம் மிஞ்சும். அதற்கடுத்து நகாசே சான் வீட்டில் ஒன்றரை.

ஒன்பதாம் வீட்டில் ஆள் குடியிருந்து பல வருடங்கள் ஆகின்றன. கதவில் கயிறு கட்டி ஒரு முத்திரை தொங்கும், அவ்வளவுதான். ஆனாலும் சனிக்கிழமை விடிந்தபோது எர்லிண்டாவின் வாசற்படியில் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. மூன்று மணி நேரப் பனி. அழகாகக் காகிதம் சுற்றியிருந்தது. அனுப்பியவர் பெயர் எழுதும் இடத்தில் ஒன்றுமில்லை.

டோலோரெஸ் வந்து இறங்கினாள். ஐம்பத்தெட்டு வயது, மெல்லிய பூப்போட்ட சட்டை, ரப்பர் செருப்பு. கோட்டை முன்கையில் போட்டுக்கொண்டிருந்தாள், குழந்தையைத் தூக்கி வருவதுபோல. ரயிலில் ஏறியதும் பெட்டி முழுவதையும் ஒரு பார்வை பார்த்தாள்.

"யாராவது செத்துட்டாங்களா?"

"இல்லை ஆத்தே. வீட்டுக்குப் போறாங்க."

"இதுக்கா இவ்வளவு அமைதி?" என்றாள் டோலோரெஸ். எதிரில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை நகாசே சானும் தன் பங்கைக் கொண்டுவந்தார். மத்தியானத்துக்குப் பிறகு வெயில் தலைகாட்டியதால் கடைசி ஆளுக்கு வியர்த்துவிட்டதாம், தலை சீக்கிரம் காய்ந்ததாம், ரொம்ப நன்றி என்றார். ஒன்றரை மணி நேரத்தை முடிவெட்டும் துணியில் கட்டியிருந்தார். எர்லிண்டா மூன்று பொட்டலங்களையும் ஒன்றாக வைத்துப் பார்த்தாள். பத்தரை மணி நேரம். டின் காலி. அடுத்த வெயில் அடுத்த டிசம்பரில்தான்.

திங்கள் காலை ஆறு மணிக்கு மூன்றையும் ஒன்றாக அவிழ்த்து வாசலில் வைத்தாள். பனி விழத் தொடங்கியது. டோலோரெஸ் கோட்டோடு படியில் நின்று பார்த்தாள். கையை நீட்டி ஒரு செதிலைப் பிடித்து, உள்ளங்கையை மேலும் கீழும் அசைத்து எடை பார்த்தாள்.

"எவ்வளவு இருக்கு?"

மீன்காரியிடம் நேருக்கு நேர் பொய் சொல்ல எர்லிண்டாவுக்கு இதுவரை வந்ததில்லை. "பத்தரை மணி நேரம்."

"ஒரு நாள்னா?"

"பன்னிரண்டு."

டோலோரெஸ் திரும்பிப் போய்க் கோட்டை ஆணியில் மாட்டினாள். வந்து, மெல்லிய சட்டையோடு படியில் உட்கார்ந்தாள்.

"போட்டுக்கோ, ஆத்தே. விறைச்சுப் போயிடுவே!"

"எடை குறைஞ்ச கூடையில நான் கைநாட்டு வைக்கிறதில்லை."

"இது மீன் இல்லை!"

"கோட்டு முழு நாளைக்கு வாங்கினது. பத்தொன்பது வருஷம் முழு நாளைக்குத்தான் காத்துக்கிட்டிருந்தது. அரையும் குறையுமா இதைப் போட்டுட்டு ஊர்ல போய் நான் என்ன சொல்றது?"

"நாளைக்குக் காலையில விமானம்! பக்கத்துக் கடை பெலன் முகத்துல எப்படி முழிப்பே? அவ கேட்டா, கோட்டை ஆணியில மாட்டிட்டு வந்தேன்னு சொல்லுவியா?"

"சொல்லுவேன். தங்கச்சி எடை குறைச்சா, அதனால மாட்டினேன்னு சொல்லுவேன்."

எர்லிண்டா டப்பாவைக் கொண்டுவந்து பதினான்கு மன்னிப்புச் சீட்டுகளையும் மடியில் கொட்டினாள். "இந்தா, இருபத்தெட்டு நிமிஷம். இதையும் சேர்த்துக்கோ."

டோலோரெஸ் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். "இது வெறும் நேரம். இதுல பனி எங்கே?"

அதன்பிறகு இருவரும் மதியம்வரை கத்திக்கொண்டார்கள். சொந்த வாசலில், சொந்தப் பனியில் கத்துவதை வட்டத்தின் விதி தடுக்கவில்லை. கத்தி ஓய்ந்ததும் சோறு சாப்பிட்டார்கள். டோலோரெஸின் உதடு நீலம் பூத்திருந்தது. கோட்டு ஆணியில் தொங்கியது. நான்கு மணிக்குச் செதில்கள் இடைவெளி விட்டு விழ ஆரம்பித்தன.

டோலோரெஸ் எழுந்தாள். "யாருகிட்ட கேக்கணும்? காட்டு."

ஹொரியுச்சி சான் கதவைத் திறந்தார். டோலோரெஸ் வணங்கவில்லை, சந்தையில் சரக்குக்காரரின் எதிரே நிற்பதுபோல் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"ஒன்றரை மணி நேரம் குறையுதுன்னு சொல்லு."

எர்லிண்டா சொன்னாள். ஹொரியுச்சி சான் தலையைச் சாய்த்தார். காற்றை உள்ளே இழுத்தார். எர்லிண்டா அப்போதே திரும்பிவிட்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"கொஞ்சம் கஷ்டமாம். வா, போகலாம்."

"கொஞ்சம்தானே?" டோலோரெஸ் நகரவில்லை. "அப்ப மிச்சம் எவ்வளவு சுலபம்னு கேளு."

எர்லிண்டா மறுபடி கதவுப் பக்கம் திரும்பினாள். பிறகு ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஜப்பானிய மொழியில் கேட்டாள்.

ஹொரியுச்சி சானை அறுபது வருடத்தில் யாரும் அந்தக் கேள்வி கேட்டதில்லை. அவர் யோசித்தார். ஏப்ரன் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். "மிச்சம்…" என்றார். "மிச்சம் சுலபம்தான்."

உள்ளே போய் ஊர் அலுவலகத்துக்குப் போன் செய்தார். பேசும்போது சுவரைப் பார்த்து ஏழு முறை குனிந்தார். நாலு இருபத்தைந்துக்கு ஒரு தபால் உறையோடு வந்தார். அடுத்த வருட ஒதுக்கீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரம், முன்கூட்டியே. எடுத்துக்கொள்கிறவரின் பெயர் வேண்டும் என்றார். டோலோரெஸ் தன் பெயரைச் சொன்னாள்.

நாலரைக்குப் பத்தரை மணி நேரப் பனியும் மடிந்துகொண்டது. அது மடிந்து முடிவதற்குள் எர்லிண்டா உறையைக் கிழித்தாள். பன்னிரண்டு மணிக் கணக்கு இடைவெளி இல்லாமல் நிறைந்தது.

டோலோரெஸ் ஆணியிலிருந்து கோட்டை எடுத்தாள். இடது கை, வலது கை. ஆறு பொத்தானையும் கீழிருந்து மேலாகப் போட்டாள். வாசலின் நடுவில் போய் நின்றாள். ஆறு மணிவரை அவள் வாயே திறக்கவில்லை. பிறந்ததிலிருந்து எர்லிண்டா அப்படிப் பார்த்ததில்லை. அவளும் பக்கத்தில் போய் நின்றாள். பாச்சை உருண்டை வாசனை மெல்ல மெல்லக் குறைந்தது.

அடுத்த வருடத்துப் பனி என்பதால் விழும்போதே அதில் கால்தடங்கள் இருந்தன. ரப்பர் பூட்ஸ் தடங்கள். ஒரு பூனை. தொட்டி வைத்து எடுத்த வட்டங்கள். பெட்டியை இழுத்துப் போன கோடு. இடையிடையே மீன் செதில்கள். ஆறு மணிக்கு அது உறைக்குள் மடிந்த பிறகு டோலோரெஸ் வாயைத் திறந்தாள்.

"அது டாக்கோவோட பூட்ஸ். எங்க சந்தையில ஐஸ் பெட்டி இழுக்கிறவன். இடது குதிகால் தேஞ்சு போயிருக்கு, பார்த்தியா?"

"பார்த்தேன்," என்றாள் எர்லிண்டா.

மதிலுக்கு மேலாக ஹொரியுச்சி சானும் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய்ச் சுற்றறிக்கை அட்டையை எடுத்து, பத்தாம் வீட்டுக்குக் கீழே அடிமட்டம் வைத்து ஒரு கோடு போட்டு, பதினொன்று என்று எழுதினார்.

மறு வருடம் ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் நகாசே சான் நவோட்டாஸ் மீன் சந்தைக்கு வந்து சேர்ந்தார். கையோடு கையாகக் கொடுக்க வேண்டும் என்பதால் மூட்டையை விமானத்தில் மடியில் வைத்தே வந்திருந்தார். தேய்த்த கோட்டும் சூட்டும் அணிந்து, கணுக்காலளவு மீன் தண்ணீரில் நின்று வணங்கினார். டோலோரெஸிடம் முத்திரை இல்லை. ஒரு சாளை மீனின் வாலைக் கணவாய் மையில் தொட்டு, தன் பெயருக்கு நேரே அழுத்தினாள்.

பனி காலை ஆறுக்குத் தொடங்கி நாலரைக்கு நின்றது. யாரும் எடை குறைகிறது என்று சொல்லவில்லை. அதற்கப்புறம் ஆறு மணிவரை அங்கே நடந்தவர்களுக்குக் கால்தடமே விழவில்லை. டாக்கோ மட்டும் ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, ஐஸ் பெட்டியை இழுத்துக்கொண்டு போனான்.

ஆறு மணிக்கு டோலோரெஸ் மூட்டையை முடிந்தாள். அட்டையில் அவள் பெயருக்குக் கீழே யாரும் இல்லை. பக்கத்துக் கடை பெலன் எட்டிப் பார்த்தாள்.

"டோலோரெஸ், அதை இந்தப் பக்கம் தள்ளேன். நாளைக்கு ஒரு நாள்."

டோலோரெஸ் தலையை ஒரு பக்கம் சாய்த்தாள். பல்லிடுக்கில் காற்றை மெல்ல உள்ளே இழுத்தாள்.

"கொஞ்சம் கஷ்டம்தான்."

பெலன் குனிந்து, மேசைக்கடியிலிருந்து தன் கம்பளிக் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.